பார்ட்டி நின்றுபோனால் அட்வான்ஸ் யாருக்கு? திருகோணமலையில் நிகழ்ச்சி செய்கிறவர்கள் சொல்லுங்கள்

பலூன்காரன் (உப்புவெளி)

வணக்கம். பிறந்தநாள் வீடுகளில் மஜிக், கோமாளி வேஷம், பலூன் அலங்காரம் மூன்றும் செய்கிறேன். என் சாமான் முழுவதும் ஒரு ஓட்டோவுக்குள் அடங்கிவிடும். வடக்கே குச்சவெளி, தெற்கே மூதூர், சில வேளை கந்தளாய் வரைக்கும் கூப்பிடுவார்கள். ஒரு நிகழ்ச்சிக்கு 25,000 ரூபா. அதில் 10,000 கைக்கு வந்தால்தான் தேதியைக் கொப்பியில் ஏற்றுவேன். போன வருடம் வரைக்கும் இதில் ஒரு வில்லங்கமும் வரவில்லை. இந்த முறை அடுத்தடுத்து மூன்று வீடு நின்றுபோய், மூன்றும் மூன்று மாதிரி.

முதலாவது பாலையூற்றில், ஏழு வயதுப் பிள்ளை. சனிக்கிழமை பார்ட்டி, வியாழன் காய்ச்சல், இரத்தம் சோதித்தால் டெங்கு. அம்மா அழுதுகொண்டு போன் எடுத்தார். அந்த நேரம் காசைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு அவரே கேட்டார்: "தம்பி, அந்தப் பத்தைத் தந்தா கைச்செலவுக்கு உதவும்." ஆனால் அந்தப் பத்தில் நாலாயிரத்துச் சொச்சம் ஏற்கனவே போய்விட்டது. '7' போட்ட பெரிய பலூனை அடுத்த ஏழு வயதுக்காரருக்கு வைத்துக்கொள்ளலாம். பிள்ளையின் படமும் பெயரும் அடித்த பிளெக்ஸை யாருக்குக் கொடுப்பது?

இரண்டாவது அன்புவழிபுரத்தில் ஒரு சாமத்திய வீடு. சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மூலையில் என்னைப் போட்டிருந்தார்கள். நாளுக்கு ஒரு கிழமைக்கு முன் அப்பம்மா காலமாகிவிட்டார். துடக்கோடு எல்லாம் நின்றது. அவர்கள் காசு கேட்கவில்லை. இப்போது ஆவணியில் வைக்கப் போகிறார்களாம், பழைய அட்வான்ஸ், பழைய விலை என்கிறார்கள்.

மூன்றாவதுதான் நித்திரையைக் கெடுத்தது. நகருக்குள் வசதியான வீடு. சனிக்கிழமைக்கு வியாழன் மாலை மெசேஜ்: "வேற ஆளைப் பாத்திட்டம், அட்வான்ஸை அக்கவுண்டுக்குப் போட்டு விடுங்கோ." கொழும்பிலிருந்து மலிவாக ஒரு குழு வருகிறதாம். தர ஏலாது என்றேன். "செய்யாத வேலைக்கு என்னத்துக்குக் காசு? பேஸ்புக்கில போடுவன்" என்கிறார்.

இது சின்ன ஊர். யாரைப் பகைத்தாலும் அவர் இன்னொரு வாடிக்கையாளரின் மச்சானாக இருப்பார். நீங்கள் எவ்வளவு அட்வான்ஸ் வாங்குகிறீர்கள், எப்போது திருப்பிக் கொடுக்கிறீர்கள், அதை மனம் நோகாமல் எப்படிச் சொல்கிறீர்கள்? எனக்கே காய்ச்சல் வந்து போக முடியாமல் போனால் என்ன முறை?

டீஜே கடற்கரை

ஒரு சதம் கொடுக்காதே மச்சான். அட்வான்ஸ் என்றாலே போனது போனதுதான். டெங்கு, சாவு, கலியாணம் குழம்பியது என்று ஆளுக்கு ஒரு கதை வரும். ஒருவருக்கு இரங்கினால் ஊரே வந்து வரிசையில் நிற்கும்.

பழைய அம்பிளிபயர்

தம்பி, மேலே சொன்னவரின் வழி ஒரு சீசனுக்கு ஓடும். அடுத்த சீசனுக்கு போன் வராது.

நான் சவுண்ட், லைட் வாடகைக்குக் கொடுக்கிறவன். ஒரு லொறி, நாலு பெடியள், ஒரு ஜெனரேட்டர். உங்களை விட எனக்குச் செலவு முந்தி வரும், ஆகவே இந்தத் தலையிடி எனக்குப் பழசு. முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் விற்பது இரண்டு மணித்தியால மஜிக் இல்லை, தேதி. பஸ் சீட்டில் லேஞ்சியைப் போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, அந்த வீட்டுக்காரர் உங்கள் சனிக்கிழமையில் லேஞ்சி போடுகிறார். அவர் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஒருவர் ஏறியிருக்கலாமா, இல்லையா? அட்வான்ஸ் சண்டை முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் முடிந்துவிடும்.

எங்களுக்கு ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை, புரட்டாசியிலும் குறைவு. ஆகவே வைகாசி, ஆனி, ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு அடிபிடி. ஆவணியில் ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமையை ஒருவருக்குக் கொடுத்த பிறகு அதே நாளுக்கு எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். அப்படியான நாளை வியாழக்கிழமை கான்சல் பண்ணினால் அது முழு நட்டம். அதையே இரண்டு மாதத்துக்கு முன் சொன்னால் எனக்கு ஒன்றும் குறையாது, இன்னொருவர் எடுப்பார். ஆகவே என்னிடம் "எத்தனை வீதம் திருப்பித் தருவீர்கள்" என்பதற்கு முன் "எத்தனை நாள் முந்திச் சொல்கிறீர்கள்" என்பதுதான் கணக்கு.

நான் காசை இரண்டாகப் பிரித்துத்தான் வாங்குகிறேன். முதலில் தேதி பிடிக்கிற காசு, ஐந்தில் ஒரு பங்கு. அது திரும்பாது என்று வாங்கும்போதே வாயால் சொல்லி, வட்ஸ்அப்பிலும் போடுவேன். நிகழ்ச்சிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அடுத்த பங்கு, மொத்தத்தில் பாதி வரும் அளவுக்கு. அந்த நேரம்தான் நான் பெடியளுக்கு நாள் சொல்லி, வேண்டியதை வெளியே வாடகைக்கு எடுக்கிறேன். உங்கள் பிளெக்ஸும் அப்போதுதான் அச்சுக்குப் போக வேண்டும். இரண்டாவது பங்கு வராத வீட்டுக்குப் பெயர் அடிக்கவே கூடாது. மிச்சக் காசு ஸ்பீக்கரைப் போடுவதற்கு முன். முடிந்த பிறகு என்று விட்டீர்களோ, "மாமா தருவார்", மாமாவைக் கேட்டால் "மச்சானிட்டக் குடுத்திட்டன்", மச்சான் எங்கே என்று பார்த்தால் அவர் பின்வளவில் சோடாப் போத்தலோடு. அந்த இரவில் யாரிடமும் காசு வாங்க முடியாது.

திரும்பாது என்று சொன்னாலும், அந்தத் தேதி வேறு ஆளுக்குப் போய்விட்டால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கேட்காமலே கொடுப்பேன். ஒரே சனிக்கிழமையை இரண்டு பேருக்கு விற்று இரண்டு காசையும் வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தவிர, "அந்தாள் தானாக் கொண்டுவந்து தந்தான்" என்ற கதை மூதூர் வரைக்கும் போகும். இதை எந்த நோட்டீஸிலும் அடித்து வாங்க முடியாது.

சாவு வீட்டில் கணக்குப் பேச வேண்டாம். முப்பத்தொன்று முடியும் வரைக்கும் போனும் எடுக்க வேண்டாம். அவர்களின் காசு உங்கள் கொப்பியில் அவர்களின் பெயரில் ஒரு வருடம் இருக்கட்டும். அன்புவழிபுரத்து வீட்டுக்கு ஆவணியில் அந்தப் பத்தைக் கழித்துக்கொள்ளுங்கள், அது நியாயம். பழைய விலை என்பது வேறு கதை. 2021 கடைசியில் ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 121 ரூபா. 2022 ஜூன் கடைசியில் 460. தையில் பேசிய விலைக்கு ஆனியில் ஜெனரேட்டரை ஓட்டியவர்களைக் கேட்டுப்பாருங்கள். அதற்குப் பிறகு நான் விலை சொன்னால் கூடவே "இந்த விலை இந்தத் தேதிக்கு" என்று போட்டுவிடுவேன். அட்வான்ஸ் தள்ளிப்போகும், விலை கூடவே போகாது. ஆனால் நாலைந்து மாதத்துக்குள் என்றால், விலையும் பெரிதாக ஏறாவிட்டால், பழைய விலைக்கே செய்துவிடுங்கள். சாவு வீட்டாரிடம் ஆயிரம் இரண்டாயிரத்துக்கு நிற்க வேண்டாம்.

டெங்குப் பிள்ளைக்கு என் எண்ணம்: பெயர் அடித்த செலவைக் காட்டி, பில்லையும் காட்டி, மிச்சத்தைக் கையில் கொடுங்கள். பிளெக்ஸையும் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். பிள்ளை சுகமாகிச் சின்னதாக ஒன்று வைத்தால் அதைத்தான் கட்டப் போகிறார்கள், அப்போது உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

இனி மழை. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் இங்கே மழை பெய்யும் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். கார்த்திகையில் முற்றத்தில் பார்ட்டி வைத்துவிட்டு "மழை வரும்போல இருக்கு, அட்வான்ஸைத் தாங்கோ" என்றால் நான் கொடுப்பதில்லை. அந்த மாதங்களில் திறந்த வெளி என்றாலே "மண்டபமா, தகரப் பந்தலா, எது இரண்டாவது ஏற்பாடு?" என்று கேட்டுத்தான் தேதி எழுதுவேன். புயல் வேறு. 2020 டிசம்பர் 2ஆம் தேதி இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா, வெருகல், மூதூர்ப் பக்கம் வெள்ளம். அந்த நாட்களில் யார் யாரிடம் கணக்குக் கேட்பது? அவரவர் செலவழித்தது அவரவருக்கு, மிச்சம் அடுத்த தேதிக்கு, அடுத்த தேதி வேண்டாம் என்றால் திருப்பி. 2020 மார்ச் 20ஆம் தேதி ஊரடங்கு போட்டபோதும் இதே முறைதான் பார்த்தேன். அப்போது முழுக் காசையும் விழுங்கிய சிலர் இப்போது இந்தத் தொழிலில் இல்லை.

கரண்ட் விஷயத்தையும் எழுதி வையுங்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருட்டு. பகல் நிகழ்ச்சி வைத்தவர்களெல்லாம் திண்டாடிப் போனார்கள். மண்டபத்து ஜெனரேட்டர் மின்விசிறிக்கும் லைட்டுக்கும் போதும், என் அம்பிளிபயருக்குப் போதாது. ஜெனரேட்டர் யார் கொண்டுவருவது என்று முந்தியே பேசியிருந்தால் காசைக் குறை என்ற பேச்சே வராது. இரவு 10 மணியும் இப்படித்தான். 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த கட்டளைப்படி இரவு 10இலிருந்து காலை 6 வரைக்கும் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி இல்லை, சில விசேட நாட்களுக்கு மட்டும் விலக்கு. அனுமதி எடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று நான் எழுதிவிடுவேன். பத்து மணிக்குப் பொலிஸ் வந்து நிறுத்தியதற்காகப் பாதிக் காசு தர மாட்டேன் என்று நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் போக முடியாமல் போனால் முழு அட்வான்ஸும் அன்றே திரும்ப வேண்டும், இதில் பேச்சே இல்லை. அது மட்டும் போதாது. பிள்ளைகள் கோமாளி வரும் என்று காத்திருக்கும். உங்கள் தொழிலில் இரண்டு மூன்று பேரோடு முந்தியே பேசி வையுங்கள். நீங்கள் விழுந்தால் அவர், அவர் விழுந்தால் நீங்கள். மாற்று ஆள் கூடக் கேட்டால் அந்த வித்தியாசம் உங்கள் கையிலிருந்து.

மூன்றாவது ஆள்? வைத்துக்கொள்ளுங்கள். மலிவாகக் கிடைத்தது என்பது காரணமே இல்லை.

கிண்ணியா நானா

தம்பி, நான் பிள்ளைகள் குதிக்கிற பௌன்சி காசில் (காற்று அடைத்த கோட்டை) இரண்டு வைத்திருக்கிறேன். அம்பிளிபயர் சொன்னதில் முக்காலும் சரி. ஆனால் எங்கள் பக்கம் தேதி பிடிக்கிறது வேறு மாதிரி.

நோன்புப் பெருநாள் எந்த நாள் என்று முதல் நாள் மஃரிபுக்குப் பிறகுதான் தெரியும். கொழும்பு பெரிய பள்ளிவாசலில் இருந்து பிறை அறிவிப்பு வரும் வரைக்கும் நாளையா, மறுநாளா என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ரசீதில் தேதி எழுதவே மாட்டேன். "பெருநாளுக்கு அடுத்த நாள், அஸருக்குப் பிறகு" என்று எழுதுவேன். தேதி எழுதியிருந்தால் பிறை ஒரு நாள் தள்ளியதும் "நீங்க சொன்ன தேதிக்கு வரல்ல" என்று ஒருவர், "நாங்க சொன்ன தேதி அது இல்ல" என்று இன்னொருவர். இரண்டு நாளையும் காலியாக வைத்திருப்பேன், அதற்குச் சேர்த்துத்தான் விலை. ஹஜ்ஜுப் பெருநாளில் இந்தப் பிரச்சினை இல்லை. பிறை கண்டு பத்தாம் நாள்தான் பெருநாள் என்பதால் ஒன்பது நாள் அவகாசம் கிடைத்துவிடும். அதற்குத் தேதி போட்டே எழுதலாம்.

மழையை விட எனக்குக் காற்றுத்தான் வில்லன். ஆனி, ஆடியில் கச்சான் காற்று எழும்பினால் பின்னேரம் பௌன்சி காசிலின் ஒரு பக்கம் தூக்கும். பிரித்தானியாவில் மணிக்கு 38 கிலோமீற்றருக்கு மேல் காற்று அடித்தால் இப்படிப்பட்டதில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். நானும் அதைத்தான் பிடித்திருக்கிறேன். நிலாவெளிக் கடற்கரை மணலில் ஆணி அடித்தால் பிடிக்காது, மணல் மூட்டை கட்ட வேண்டும், அப்படிக் கட்டினாலும் இந்தக் காற்றுக்கு நான் ஏற்ற மாட்டேன். வீட்டுக்காரர் "பரவாயில்ல நானா, பிள்ளைகள் அழுதுகள்" என்பார். அழட்டும். அந்த நேரம் காற்றை இறக்கிவிட்டு, காற்று அடங்கியதும் விட்ட நேரத்தைக் கூட்டிக் கொடுப்பேன். நேரம் இல்லாவிட்டால் விட்ட மணித்தியாலத்துக்குக் காசைக் கழிப்பேன். இதை புக் பண்ணும்போதே சொல்லிவிட்டதால் ஒருவரும் சண்டைக்கு வந்ததில்லை.

வாப்பா காலத்தில் இன்னொன்று இருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கிற வரைக்கும் துறையில் பாதை (ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றுகிற படகு) ஓடினால்தான் டவுனுக்குப் போகலாம். வாப்பா மைக் செட் கொண்டுபோகிறவர். பாதை நின்றுவிட்டால் காசு பாதி என்று வாய்ப்பேச்சு, இரண்டு பக்கமும் அதை ஒப்புக்கொண்டிருந்தார்கள். அப்போது வட்ஸ்அப் இல்லை, சண்டையும் இவ்வளவு இல்லை.

இரண்டு பிள்ளைகளின் தாய்

எல்லோரும் தொழில் செய்கிறவர்களாகவே பேசுகிறீர்கள். காசு கொடுக்கிறவளாக நான் ஒன்று சொல்கிறேன்.

"திரும்பாது" என்பதை எனக்கு யாருமே முந்திச் சொன்னதில்லை. காசைப் போட்டு, ஸ்லிப்பை அனுப்பிய பிறகு ஒரு படம் வரும், அதன் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் பார்க்கிற நேரம் என் காசு அங்கே. மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு வந்தவர் நாலரை என்று சொல்லி ஆறு மணிக்கு வந்தார். சின்னப் பிள்ளைகள் அதற்குள் கேக் கேட்டு அழத் தொடங்கி, நாங்கள் வெட்டி முடித்துவிட்டோம். வந்து அரை மணித்தியாலம் சீட்டு விளையாட்டுக் காட்டிவிட்டு முழுக் காசும் வாங்கினார். கான்சல் பண்ணினால் எனக்கு நட்டம் என்று விதி இருக்கிறது. பிந்தி வந்தால் அவருக்கு நட்டம் என்று ஒரு வரி எங்கே?

தம்பி, நீங்கள் எழுதும்போது அதையும் எழுதுங்கள். ஒரு மணித்தியாலம் பிந்தினால் இவ்வளவு குறைப்பேன் என்று சொல்கிற ஆளிடம் நான் பாதிக் காசை யோசிக்காமல் முந்திக் கொடுப்பேன். இன்னொன்று, தேதி மாற்றுவதைக் கான்சலோடு சேர்க்காதீர்கள். எங்கள் வீடுகளில் அரைவாசி விழாக்கள் கனடாவிலிருந்து சித்தப்பா வருகிற டிக்கெட்டைப் பார்த்துத்தான் வைக்கிறோம். அவருக்கு லீவு மாறினால் எங்களுக்கு நாள் மாறும். அதை ஒரு மாதத்துக்கு முன் சொன்னாலும் "புது அட்வான்ஸ்" என்றால் எப்படி?

எழுதுவினைஞர்

சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை, வாசலில் உட்கார்ந்து கேட்டதைத்தான் சொல்கிறேன்.

அக்கா சொன்னதுதான் முக்கிய இடம். காசு வாங்குவதற்கு முன் சொன்ன நிபந்தனைதான் ஒப்பந்தத்தில் சேரும். காசு வந்த பிறகு அனுப்பிய படத்தை மற்றவர் "நான் ஒப்புக்கொள்ளவில்லை" என்றால் உங்கள் பக்கம் பலவீனம். ஆகவே நிபந்தனையை முதலில் அனுப்பி, அவரிடமிருந்து "சரி" என்று ஒரு சொல் வந்த பிறகு கணக்கு இலக்கத்தைக் கொடுங்கள். வட்ஸ்அப்பில் உள்ளதும் எழுத்துத்தான். இலத்திரனியல் ஆவணங்களுக்கு 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருங்கள்.

பத்தாயிரத்துக்கு வழக்குப் போகிறவர்கள் இல்லை. போனாலும் இப்படியான சின்னத் தொகைகள் முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போகும், 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. வார இறுதியில் பெரும்பாலும் பள்ளிக்கூடங்களில் கூடும். சட்டத்தரணிக்கு அங்கே வேலை இல்லை, இருவரும் நேரில் பேச வேண்டும். அங்கே இருக்கிறவர்கள் முதலில் கேட்பது "உங்களுக்கு உண்மையிலேயே எவ்வளவு நட்டம்?" என்றுதான். பில், செலவு, அந்தத் தேதிக்கு வேறு வேலை கிடைத்ததா, இதெல்லாம் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

பலூன்காரன் (உப்புவெளி)

எல்லோருக்கும் நன்றி. டெங்குப் பிள்ளை வீட்டுக்கு நேற்றுப் போய் 5,800 கொடுத்துவிட்டு பிளெக்ஸையும் வைத்துவிட்டு வந்தேன். பிளெக்ஸைப் பார்த்ததும் பிள்ளை அதை விரித்துப் படுக்கையில் போட்டு ஏறி உட்கார்ந்துவிட்டான்.

அம்பிளிபயர் அண்ணை, எழுதுவினைஞர் சொன்னதை வாசித்த பிறகு ஒன்று கேட்க வேண்டும். அந்த மூன்றாவது வீட்டின் சனிக்கிழமைக்கு வெள்ளி இரவு சாம்பல்தீவில் இருந்து ஒரு ஆள் அவசரமாகக் கூப்பிட்டார், 18,000க்குச் செய்து கொடுத்தேன். அப்போதும் முழுப் பத்தையும் வைத்துக்கொள்ளலாமா?

இதுதான் நான் இனி முதலில் அனுப்பப் போகிற மெசேஜ், பார்த்துச் சொல்லுங்கள்:

"வணக்கம். தேதியைப் பிடித்து வைக்க 5,000. நிகழ்ச்சிக்கு 14 நாளுக்கு முன் இன்னும் 7,500. மிச்சம் 12,500 நிகழ்ச்சி தொடங்க முன். 14 நாளுக்கு முன் சொன்னால் ஒரு தடவை தேதியை இலவசமாக மாற்றலாம், புதுத் தேதி காலியாக இருக்க வேண்டும். கான்சல் பண்ணினால் 5,000 திரும்பாது. ஆனால் அந்தத் தேதிக்கு வேறு நிகழ்ச்சி கிடைத்தால் திரும்பும். 14 நாளுக்குள் கான்சல் பண்ணினால் பெயர் அச்சடித்த செலவும் கழியும், பில் காட்டுவேன். குடும்பத்தில் இறப்பு, பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் செலவு போக மிச்சம் ஒரு வருடத்துக்கு உங்கள் பெயரில் இருக்கும், காசாக வேண்டுமென்றாலும் சரி. புயல், ஊரடங்கு என்றால் இரு பக்கமும் பேசி முடிப்போம். நான் 30 நிமிடத்துக்கு மேல் பிந்தினால் 2,500 குறையும், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் என்றால் 5,000. நான் வர முடியாவிட்டால் முழுக் காசும் அன்றே திரும்பும், மாற்று ஆளையும் தேடித் தருவேன். நேரம், இடம் தொடர்பான முடிவு எங்களுடையது. சம்மதம் என்றால் 'சரி' என்று அனுப்புங்கள், கணக்கு இலக்கம் தருகிறேன்."

இரண்டு பிள்ளைகளின் தாய்

பிந்தினால் குறைப்பது நல்லது. ஆனால் "நேரம், இடம் தொடர்பான முடிவு எங்களுடையது" என்பது என் வீட்டு முற்றத்தைப் பற்றியா? அதை எடுங்கள்.

கிண்ணியா நானா

எங்கள் ஆட்களுக்கு அனுப்பும்போது "தேதி" என்ற இடத்தில் பெருநாள் என்றால் "பிறைப்படி" என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள் தம்பி.

பழைய அம்பிளிபயர்

தங்கச்சி சொன்ன வரியை வெட்டுங்கள். மற்றது நல்லாக இருக்கிறது. "14 நாள்" என்ற இடத்தில் அவர்களின் தேதியைப் போட்டுக் கணக்குப் பார்த்தே எழுதுங்கள், "ஆவணி 10ஆம் தேதிக்குள்" என்று. நாள் எண்ணுவதில் சண்டை வரும்.

மூன்றாவது ஆள் விஷயத்தில், சனிக்கிழமை விற்றுப்போனது எனக்குத் தெரியாது. அப்படியானால் கணக்கு மாறுகிறது. 25,000 வர வேண்டிய நாளில் 18,000 வந்தது. உங்கள் நட்டம் 7,000. அதை வைத்துக்கொண்டு 3,000ஐ அவர் கணக்குக்குப் போடுங்கள், இதே கணக்கை இரண்டு வரியில் மெசேஜாக அனுப்புங்கள், வேறு ஒரு சொல்லும் வேண்டாம். பேஸ்புக்கில் போட்டால் நீங்களும் அதே இரண்டு வரியை அடியில் போடுங்கள். புது மெசேஜை மட்டும் அவருக்கு அனுப்பிவிடாதீர்கள், அது இனி வருகிறவர்களுக்கு.